லோடுமேன் அண்ணனுக்குக் காலில் மறு அறுவை சிகிச்சை: பணம் திரட்டும் முன் யோசனை தேவை

மண்டிக்கணக்கு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் நான் கணக்கு எழுதும் மண்டியில் லோடு இறக்கிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் விடிகாலையில் வேலைக்கு வரும்போது வேன் மோதி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். முதல் 48 மணி நேரச் சிகிச்சை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் போனது, அதற்குமேல் ஆனதற்கு அண்ணி நகையை விற்றார்.

அப்புறம் ஒரு முகாமில் செயற்கைக் கால் கொடுத்தார்கள். போட்டுப் பார்த்தார், நடக்க முடியவில்லை. மீதிக் காலின் நுனியில் எலும்பு குத்துகிறது, அந்த இடத்தில் தோல் எலும்போடு ஒட்டிக்கொண்டு பளபளவென்று இருக்கிறது, கொஞ்ச நேரம் நின்றாலே உரிந்து ரத்தம் கசிகிறது. பக்கவாட்டில் ஒரு இடம் இருக்கிறது, அங்கே விரல் பட்டால் போதும், இல்லாத பாதம் வரைக்கும் கரண்ட் பாய்கிறது என்று துடித்துப்போகிறார். இப்போது அக்குளில் ஊன்றும் இரண்டு கட்டைதான் அவருக்குக் கால். அண்ணி வெங்காயம் தரம் பிரிக்கப் போகிறார், அந்தக் கூலியில்தான் நான்கு பேர் சாப்பிடுகிறார்கள். பெரிய பெண் பத்தாம் வகுப்பு.

சமீபத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம் (பெயர் வேண்டாம்). எலும்பை மறுபடி அறுத்துச் சீர்செய்து தோலை மூட வேண்டும், இல்லாவிட்டால் எந்தக் காலும் பொருந்தாது என்றார்கள். ஆபரேஷனுக்கு ஒன்றே முக்கால் லட்சம், அப்புறம் கால் தனி, அதற்கு மூன்று லட்சம் வரை ஆகலாம் என்று தாளில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். மண்டியில் எல்லோரிடமும் வசூல் செய்து, பாக்கிக்கு இணையத்தில் நிதி திரட்டலாம் என்று நினைக்கிறோம். மிலாப், கெட்டோ இதில் எது நல்லது? யாராவது செய்த அனுபவம் உண்டா?

நத்தம்புளி:

நல்ல காரியம் நண்பரே. என் பங்குக்கு ரூ. 2,000 தருகிறேன், ஜிபே எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். எந்தத் தளமாக இருந்தாலும் பணம் மருத்துவமனைக் கணக்குக்கு நேரடியாகப் போகிற மாதிரி வையுங்கள், கொடுப்பவர்களுக்கு நம்பிக்கை வரும். நல்ல போட்டோ ஒன்று, அந்தப் பெண் பிள்ளையையும் சேர்த்து எடுத்துப் போடுங்கள், அப்போதுதான் பகிர்வார்கள்.

ஊன்றுகோல்:

போட்டோவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள், அந்தப் பெண்ணை வேண்டவே வேண்டாம். பத்தாம் வகுப்புப் பிள்ளை, வகுப்பில் எல்லோர் கையிலும் போன் இருக்கும் காலம் இது. காசுக்காக அப்பாவின் வெட்டுப்பட்ட காலோடு நிற்கும் படம் ஊரெல்லாம் சுற்றினால் அது அவள் கல்யாணம் வரைக்கும் கூடவே வரும்.

எனக்கும் ஒரு கால் இல்லை, முழங்காலுக்கு மேலே. பதினெட்டு வருடம் ஆகிறது, திருச்சியில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் இதே மாதிரி மறு அறுவை நடந்தது, அரசு மருத்துவமனையில். ஆபரேஷனுக்கு ஒரு பைசா கட்டவில்லை. ஆனாலும் கடனாளி ஆனேன். எப்படி என்று கேளுங்கள். புண் ஆறுகிற வரை வேலை கிடையாது, வீட்டு வாடகை நிற்காது, கூட இருக்கிற ஆளுக்கும் கூலி போகும், ஒவ்வொரு தடவையும் ஆட்டோ, காலுக்கு அளவு எடுக்க ஒரு தடவை, போட்டுப் பார்க்க ஒரு தடவை, கடித்தால் இழைக்க ஒரு தடவை. என்னோடு அளவு கொடுத்த பலர் பாதியிலேயே வருவதை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸுக்குக் காசில்லாமல் நின்றவர்கள்தான் அதில் அதிகம்.

ஆகவே வசூலை நிறுத்த வேண்டாம், ஆனால் எதற்கு வசூலிக்கிறோம் என்பதை மாற்றுங்கள். அறுவையை அரசாங்கத்தின் தலையில் கட்டுங்கள், அது அவருடைய உரிமை. உங்கள் பணம் அந்தக் குடும்பத்தின் அடுப்புக்கும் பஸ்ஸுக்கும் போகட்டும்.

செவ்வந்தி:

ஊன்றுகோல் அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நான் பிசியோதெரபிஸ்ட், அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன்.

மண்டிக்கணக்கு, முதலில் அவர்களிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள். ஆண்டு வருமானம் ரூ. 1,20,000க்குள் இருக்கும் குடும்பத்துக்கு உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லையென்றால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்து கொடுப்பார்கள். விவரத்துக்கு 1800 425 3993, இலவச எண். தனியாரில்தான் செய்ய வேண்டும் என்றாலும் முதல் கேள்வி “இந்தச் சிகிச்சைக்கு உங்களிடம் காப்பீட்டில் அனுமதி உண்டா?” என்பதுதான். எல்லா மருத்துவமனைக்கும் எல்லாச் சிகிச்சைக்கும் அனுமதி கிடையாது. வரவேற்பில் கேட்டால் தெரியாது என்பார்கள், காப்பீட்டுப் பிரிவு என்று தனியாக ஒரு மேசை இருக்கும், அங்கே கேளுங்கள். அனுமதி வந்த பிறகுதான் சேர வேண்டும். சேர்ந்து பணம் கட்டிவிட்டு அப்புறம் திரும்பக் கேட்பது நடக்காத வேலை.

இன்னொன்று. அவருடைய முழங்கால் முழுதாக நீள்கிறதா? மூன்று வருடம் கட்டையிலேயே நடக்கிறார் என்றால் முட்டி மடங்கியபடியே இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். நேராகப் படுக்க வைத்து, காலுக்கும் கட்டிலுக்கும் நடுவே முட்டிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். அது இறுகிப்போயிருந்தால் எவ்வளவு அருமையாக அறுத்துத் தைத்தாலும் கால் போட்டு நிமிர்ந்து நிற்க முடியாது. இதற்கு மருந்து தினமும் இழுத்துச் செய்யும் பயிற்சிதான், அதை இன்றைக்கே ஆரம்பிக்கலாம், காசே கிடையாது. சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை ஏறிக்கிடந்தால் தையல் ஆறாது.

நத்தம்புளி:

சகோதரி, கோபிக்க வேண்டாம். அரசு மருத்துவமனை என்றால் இன்றைக்கு வா நாளைக்கு வா என்று இழுப்பார்கள். அந்த மனுஷன் மூன்று வருடமாகக் கிடக்கிறார், இன்னும் ஆறு மாதம் வரிசையில் நிற்கச் சொல்கிறீர்களா? காசு திரட்ட ஆள் இருக்கும்போது தனியாரில் ஒரே வாரத்தில் முடித்துவிடலாமே.

செவ்வந்தி:

கோபமெல்லாம் இல்லை அண்ணா. காத்திருப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன். சாலை விபத்துக் கேஸ் ஒன்று உள்ளே வந்தால் முன்கூட்டியே தேதி கொடுத்த ஆபரேஷன் தள்ளித்தான் போகும். ஆனால் இது ஒரு வாரத்தில் முடிகிற வேலை இல்லை. தையல் பிரிக்கவே இரண்டு மூன்று வாரம், வீக்கம் வடிய இறுக்கிக் கட்டு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், எல்லாம் நன்றாகப் போனாலும் முதல் காலுக்கு அளவு எடுக்க ஆறு எட்டு வாரம் ஆகும். அந்த வாரங்களில் கூடவே இருக்கும் ஆட்கள்தான் அவரை நடக்க வைப்பார்கள். ஒன்றே முக்கால் லட்சம் வாங்குகிற இடத்தில் தையல் பிரித்ததும் “நல்லா இருக்கு, போயிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டால் அதற்கு மேல் யாரிடம் போவார்? மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை அவர்களுக்குப் பக்கம். எலும்பு முறிவுப் பிரிவிலும் உடலியல் மறுவாழ்வு மருத்துவப் பிரிவிலும் இரண்டிலும் காட்டச் சொல்லுங்கள். சென்னை வர முடியும் என்றால் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமே இருக்கிறது, இந்த வேலைக்கென்றே உள்ள இடம்.

அளவுக்காரன்:

நான் செயற்கைக் கால் செய்கிறவன், இருபது வருடமாக இதே தொழில். இந்த இழையை ஒரு நண்பர் அனுப்பினார். கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன இரண்டு வலியும் ஒன்றல்ல. நுனியில் எலும்பு குத்துவது ஒன்று. விபத்தில் அவசரமாகக் காலை எடுக்கும்போது உயிரைக் காப்பதுதான் நோக்கம், பின்னால் இதன்மேல் கால் போட வேண்டுமே என்று நிதானமாகச் செதுக்க நேரம் இருக்காது. முன் எலும்பின் விளிம்பைச் சாய்வாக இழைத்துவிட்டிருக்க வேண்டும், பக்கத்திலிருக்கும் சின்ன எலும்பு அதைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குட்டையாக இருக்க வேண்டும், நுனிக்குக் கீழே தசை மெத்தைபோல் மூடியிருக்க வேண்டும். இது எதுவும் இல்லையென்றால் தோல் எலும்பில் ஒட்டி, நடக்கும்போது அது நகராமல் உரியும். இதற்கு அறுவைதான் வழி.

தொட்டால் கரண்ட் அடிக்கிறது என்றீர்களே, அது நரம்பு. வெட்டுப்பட்ட நரம்பு நுனி வளர்ந்து முடிச்சாகிவிடும், நியூரோமா என்பார்கள். அது சாக்கெட்டின், அதாவது மீதிக் காலை நுழைக்கும் கிண்ணத்தின், சுவர் அழுத்துகிற இடத்தில் இருந்தால் காலைப் போடவே விடாது. சில சமயம் சாக்கெட்டில் அந்த இடத்தை மட்டும் குழித்துக் கொடுத்தாலே போதும், அறுவை தேவைப்படாது. அந்த இடத்தில் மரக்க ஊசி போட்டுப் பார்த்தால் வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். அறுவைதான் என்றாலும் முடிச்சை வெட்டிவிட்டு அப்படியே விட்டால் மறுபடி வளரும், ஆகவே நரம்பை எங்கே புதைக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. நரம்பை இன்னொரு தசை நரம்போடு இணைத்துவிடும் முறையும் வந்திருக்கிறது, பெரிய மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் செய்கிறார்கள்.

மீதிக் காலின் நீளம் ரொம்ப முக்கியம். முழங்காலுக்குக் கீழே ஐந்திலிருந்து ஏழு அங்குலம் இருந்தால் எங்களுக்கு வசதி. மறுபடி அறுக்கிறோம் என்று தாராளமாக வெட்டிவிட்டால் பிடிமானம் போய்விடும். இப்போது எவ்வளவு இருக்கிறது, அறுத்த பிறகு எவ்வளவு மிஞ்சும் என்று அந்தத் தாள் எழுதிக்கொடுத்தவர்கள் சொன்னார்களா? கால் செய்கிற ஆளிடம் காட்டிவிட்டுத்தான் அறுவைக்குத் தேதி வாங்க வேண்டும். முடிந்தால் சர்ஜனும் கால் செய்கிறவரும் போனிலாவது ஒருவரோடொருவர் பேச வேண்டும். இதை நான் எத்தனை குடும்பத்துக்குச் சொன்னாலும் பெரும்பாலும் அறுத்து முடித்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள்.

மூன்று லட்சம் கால் பற்றி. வேண்டாம். இப்போது வேண்டவே வேண்டாம். அறுவை ஆன முதல் ஒரு வருடத்தில் அந்தக் கால் மெலிந்துகொண்டே வரும், சாக்கெட் தொளதொளவென்று ஆகும், உறை மேல் உறை போட்டு ஓட்டி, கடைசியில் புது சாக்கெட்தான். அந்தச் சமயத்தில் விலை உயர்ந்த காலை வாங்கி வைத்தால் பாதிக் காசு தண்டம். இலவசமாகக் கிடைக்கும் காலில் முதல் வருடத்தை ஓட்டட்டும். கால் நன்றாக இருப்பதும் இல்லாததும் பாதத்தில் இல்லை, சாக்கெட்டில் இருக்கிறது.

மண்டிக்கணக்கு:

அளவுக்காரன் ஐயா, கோடி நன்றி. நீளம் பற்றி அந்த மருத்துவமனையில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முட்டியும் செவ்வந்தி அக்கா சொன்ன மாதிரி படுக்க வைத்துப் பார்த்தோம், நீட்டச் சொன்னால் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி நிற்கிறது. சர்க்கரை இல்லை.

காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறது, ஆனால் அண்ணனுடைய அப்பா பெயரில் பழைய ரேஷன் கார்டோடு சேர்ந்தது. இவர்கள் தனிக்கார்டு வாங்கிய பிறகு யாரும் மாற்றவில்லை. இது ஓடுமா?

அப்புறம் இலவசக் கால் எங்கே வாங்குவது? முகாமில் கொடுத்ததுதான் இந்த லட்சணத்தில் இருக்கிறது.

செவ்வந்தி:

புதுக் கார்டின் பெயரில் புதிதாகப் பதிந்துவிடுங்கள், ஆபரேஷன் அன்றைக்கு அதில் பெயர் இல்லை என்று நிற்கக் கூடாது. ஒரு கை நுழையும் இடைவெளி என்றால் சரிசெய்யக் கூடியதாகத்தான் தோன்றுகிறது, நேரில் பார்த்தால்தான் உறுதி. தினமும் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள், காலை இருபது நிமிடம், மாலை இருபது நிமிடம். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் காலைத் தொங்கவிடாமல் எதிரே ஒரு ஸ்டூலில் நீட்டி வைக்க வேண்டும்.

அளவுக்காரன்:

முகாம்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, அவை இல்லையென்றால் லட்சக்கணக்கானவர்களுக்குக் காலே கிடையாது. ஆனால் அன்றைக்கு அளவெடுத்து அன்றைக்கே மாட்டிவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டால், கடிக்கிறது என்று சொல்லக்கூட ஆள் இல்லாமல் போகிறது. ஆகவே திரும்பப் போகக்கூடிய இடமாகப் பார்த்து வாங்குங்கள்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் கலெக்டர் அலுவலக வளாகத்தில் இருக்கும், திண்டுக்கல்லில் மனு கொடுக்கலாம். துறை மூலம் நவீன செயற்கைக் கால் கொடுக்கிறார்கள். மத்திய அரசின் அடிப் திட்டம் 1981லிருந்து நடக்கிறது, கான்பூர் அலிம்கோ நிறுவனம் வழியாக வரும், வருமான வரம்புக்குள் இருந்தால் முழுக்க இலவசம். ஜெய்ப்பூர் கால் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1968ல் ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் சேத்தியும் உருவாக்கியது. வெறுங்காலோடு நடக்கலாம், சம்மணம் போடலாம், சேறு தண்ணீரில் இறங்கலாம் என்று நம் ஆட்களின் வாழ்க்கையைப் பார்த்துச் செய்தது. 1975லிருந்து பகவான் மகாவீர் அமைப்பு அதை இலவசமாகவே கொடுத்துவருகிறது. சென்னையில் எம்.எஸ். தாதா அறக்கட்டளையின் முக்தி மையமும் இலவசமாகத்தான் செய்கிறது. எங்கே போனாலும் போட்டு எழுந்து, நடந்து, கழற்றிவிட்டு, தோல் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கொஞ்ச நேரத்தில் மறையாத சிவப்பு இருந்தால் அங்கேயே இழைத்துத் தரச் சொல்லுங்கள்.

கணினிப்பித்தன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எலும்புக்குள்ளேயே டைட்டானியம் கம்பியைப் பொருத்தி, அதிலேயே காலை மாட்டும் அறுவை சிகிச்சை வந்திருக்கிறதே, சாக்கெட்டே தேவையில்லை என்கிறார்கள். அதற்கு நிதி திரட்டினால் ஒரேயடியாகப் பிரச்சினை முடியாதா?

அளவுக்காரன்:

நல்ல கேள்வி. ஒசியோஇன்டகிரேஷன் என்பார்கள். ஸ்வீடனில் 1990ல் முதலில் ஒருவருக்குச் செய்தார்கள், அமெரிக்காவில் ஒரு வகைக்கு 2020ல்தான் முழு அங்கீகாரம் கிடைத்தது. சாக்கெட்டே ஒத்துவராதவர்களுக்கு, அதிலும் முக்கியமாக முழங்காலுக்கு மேலே போனவர்களுக்கு, அது பெரிய வரம்தான். ஆனால் கம்பி தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும், அந்தத் துளையை வாழ்நாள் முழுக்கத் தினமும் சுத்தமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், கிருமி உள்ளே போனால் எலும்பு வரை போகும். செலவும் இவர்களுக்கு எட்டாதது. இந்த அண்ணனுக்கு ஒழுங்கான நுனியும் ஒழுங்கான சாக்கெட்டும் இதுவரை கிடைக்கவே இல்லை. அதைக் கொடுத்துப் பார்க்காமல் அங்கே போகக் கூடாது.

ஊன்றுகோல்:

என் மாதிரி முழங்காலுக்கு மேலே காலை இழந்தவர்களுக்கு ஒரு தகவல், இந்த அண்ணனுக்குத் தேவைப்படாது. சென்னை ஐஐடியும் பெங்களூரு மொபிலிட்டி இந்தியாவும் சேர்ந்து ‘கதம்’ என்று ஒரு செயற்கை முட்டியை 2022ல் கொண்டுவந்தார்கள், நம் நாட்டிலேயே செய்தது. வெளிநாட்டு முட்டி விலையைப் பார்த்துப் பயந்து நிற்பவர்கள் அதைப் பற்றி விசாரியுங்கள்.

கறுப்புக்கோட்டு:

யாருமே கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். வேன் மோதியது என்றீர்களே, இழப்பீட்டு வழக்கு போட்டாரா? எந்த நிலையில் இருக்கிறது?

மண்டிக்கணக்கு:

போட்டிருக்கிறார் ஐயா. திண்டுக்கல்லில் நடக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி லோக் அதாலத்தில் (சமரசமாக வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) ஒரு தொகைக்கு முடித்துக்கொள்ளலாம் என்று கூப்பிடுகிறார்கள் போல. அண்ணன் கை நீட்டி வாங்கிவிடலாம் என்ற மனநிலையில் இருக்கிறார். ஆபரேஷன் செலவுக்கு ஆகுமே என்று.

கறுப்புக்கோட்டு:

கையெழுத்துப் போடுவதை நிறுத்தி வையுங்கள். இன்றைக்கே அவருடைய வக்கீலைப் போய்ப் பாருங்கள்.

லோக் அதாலத்தில் முடிந்தால் முடிந்ததுதான், அதற்கு மேல்முறையீடு கிடையாது. இப்போது சொல்லும் தொகையில் இந்த மறு அறுவை இருக்கிறதா? இனி வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டிய செயற்கைக் கால்கள் இருக்கின்றனவா? 2022 டிசம்பரில் உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு எதிரான முகமது சபீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. செயற்கைக் கால் ஒரு தடவை வாங்கும் பொருள் இல்லை, சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பராமரிக்க வேண்டும், ஆகவே மீதமுள்ள வாழ்நாளுக்கும் அந்தச் செலவைத் தாங்கும்படி இழப்பீடு இருக்க வேண்டும் என்று தொகையைக் கூட்டிக் கொடுத்தது. உங்கள் வக்கீலுக்கு இது தெரிந்திருக்கும், ஆனால் கட்சிக்காரர் அவசரப்பட்டால் அவர் என்ன செய்வார்?

வேண்டிய தாள்களைச் சொல்கிறேன். மருத்துவக் குழு கொடுத்த ஊனச் சான்று (முழங்காலுக்குக் கீழே என்றால் பொதுவாக 60லிருந்து 70 சதவீதம் வரும்), மறு அறுவை ஏன் தேவை என்று டாக்டர் எழுதிய கடிதம், கால் செய்கிற ஒருவர் தரும் மதிப்பீடு, அதில் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். அந்தத் தனியார் மருத்துவமனை எழுதிக்கொடுத்த தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுவும் உதவும். சதவீதம் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மூட்டை தூக்குகிறவருக்குக் கால் போனால் தொழிலே போச்சு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைத் தொழிலை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அவர் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார் என்பதற்கு மண்டியில் ஒரு கடிதம் கொடுங்கள், தேவைப்பட்டால் சாட்சி சொல்ல உங்கள் முதலாளி வர வேண்டும். வசூலைவிட இது பெரிய உதவி.

பொதுவாகப் படிப்பவர்களுக்கு: 2022 ஏப்ரலுக்குப் பிறகு நடந்த விபத்துகளுக்கு ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆறட்டும் தேறட்டும் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்றும் பாருங்கள். சுமை தூக்குவோருக்கு அதில் இடம் உண்டு, விபத்தில் உறுப்பிழந்தால் உதவித்தொகையும் உண்டு.

யாழ்வாசி:

வணக்கம். நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் யுத்தத்தில் கால் போனவர்கள் ஏராளம், மிதிவெடியில் போனதுதான் கூட. யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் மறுவாழ்வு நிலையம் 1987இல் இருந்து கால் செய்து கொடுக்கிறது. எங்கட மாமாவும் அங்கேதான் போடுகிறார். அங்கே பார்த்த ஒரு விசயத்தை மட்டும் சொல்ல வேண்டும். கால் கொடுப்பதோடு விடாமல் ஆளுக்கு ஒரு தொழிலுக்கும் வழி பார்ப்பார்கள், சைக்கிள் திருத்துவது, தையல், கோழி வளர்ப்பு என்று சிறு கடனும் கொடுப்பார்கள். இந்த அண்ணை கால் போட்டு நடந்தாலும் மூட்டை தூக்கப் போக முடியாதல்லவா? அவர் என்ன செய்யப் போகிறார் என்று அவரோடு கதைத்தீர்களா?

மண்டிக்கணக்கு:

நேற்று ராத்திரி உட்கார்ந்து பேசினோம். தராசில் நிற்கிறேன் என்கிறார். எடை போட்டுச் சீட்டு எழுதுகிற வேலை. நிற்க முடிந்தால் போதும், எங்கள் முதலாளியும் சரி என்றுவிட்டார். அவருக்கு எந்த விவசாயி எந்த ஊர், எந்த மூட்டையில் கல்லைப் போடுவார்கள் என்பதெல்லாம் அத்துப்படி.

இப்போது கணக்கு இப்படி நிற்கிறது. ஆபரேஷன் மதுரையில், காசில்லை. கால் இலவசம். வீட்டுச் செலவு மாதம் ஒன்பதாயிரம் என்று ஆறு மாதத்துக்கு வைத்திருக்கிறோம். மதுரைக்குப் போக வர, கூட இருப்பவர் சாப்பாடு, மருந்து, கட்டுத்துணி எல்லாம் சேர்த்து இருபதாயிரம். அண்ணி கூட இருக்கும் நாள்களுக்கு அவருடைய கூலி. மொத்தம் ஒரு லட்சத்துக்குள் அடங்குகிறது. இதை எங்கள் மார்க்கெட்டிலேயே திரட்டிவிடலாம், இணையத்துக்குப் போகத் தேவையில்லை, போட்டோவும் தேவையில்லை. அண்ணி பெயரில் வங்கிக் கணக்கு, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு என்னிடம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகை வாங்கவே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. அடையாள அட்டை இருக்கிறது, மனு போடவில்லை.

செவ்வந்தி:

அதை உடனே போடுங்கள், வருவாய்த் துறையில் மாதம் ரூ. 1,500. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடமே மனுவைக் கொடுங்கள், ரசீது வாங்காமல் வராதீர்கள். யுடிஐடி அட்டையும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நகரப் பேருந்தில் அவருக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் கிடையாது. ரயிலில் துணையோடு போனால் இருவருக்கும் 75 சதவீதம் சலுகை, அதற்கு ரயில்வே படிவத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும்.

நத்தம்புளி:

என் ரூ. 2,000ஐ அண்ணி கணக்கிலேயே போட்டுவிட்டேன். மாதம் ஐநூறு ஆறு மாதத்துக்குத் தருகிறேன். மதுரையில் எனக்கு வீடு இருக்கிறது, மருத்துவமனைக்குப் பக்கம்தான், கூட இருப்பவர்கள் குளித்துச் சாப்பிட வரட்டும், எண்ணை அனுப்புகிறேன்.

கறுப்புக்கோட்டு:

மதுரையில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் தாளை நகல் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். இலவசமாகச் செய்தது என்பதால் கோர்ட்டில் அதற்கு மதிப்பில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அறுவை தேவைப்பட்டது என்பதற்கே அது சான்று.

புதுவாசகி:

இந்த இழையை முழுக்கப் படித்தேன். என் அப்பாவுக்குச் சர்க்கரையால் முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. வீட்டுக்கு வந்துவிட்டோம். வலிக்கிறது என்பதால் முட்டிக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்தி வைத்திருக்கிறோம், அவருக்கு அதுதான் சுகமாக இருக்கிறது. தப்பா?

செவ்வந்தி:

தலையணையை எடுத்துவிடுங்கள் அம்மா, இப்போதே. அந்தச் சுகத்தில்தான் முட்டி மடங்கி இறுகும். கால் நேராக, கட்டில் மட்டமாக இருக்கட்டும். எந்நேரமும் சக்கர நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைக்காதீர்கள், அடியில் ஒரு பலகை வைத்து நீட்டி வையுங்கள். தையல் இடத்தில் சிவப்பு, நீர், நாற்றம் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள், இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மற்ற காலையும் தினமும் விரல் இடுக்கு வரை பாருங்கள், சர்க்கரைக்காரர்களுக்கு அந்தக் காலும் ஆபத்தில்தான் இருக்கிறது. கட்டு எப்படிச் சுற்றுகிறீர்கள்? வட்டமாகச் சுற்றினால் நடுவில் இறுக்கிப் பிடித்து நுனி வீங்கும். எட்டு எழுதுகிற மாதிரி சாய்வாக, நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் வர வேண்டும். உங்களுக்கு எந்த ஊர்? பக்கத்தில் யாராவது நேரில் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்கிறேன்.